அதே மாதிரிக் கார் ஒன்று வாங்கலாமா?

பழைய கார் வாங்குவது ஆண்கள் கூடிப் பேசி முடிக்கும் விடயம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. வீட்டுப் பணம் எதற்குச் செலவாக வேண்டும்? ஒரு நினைவை எதுவரை காப்பாற்ற வேண்டும்? இவற்றை முடிவு செய்யும்போது யாருடைய சொல் கேட்கப்பட வேண்டும்? இந்த மூன்று கேள்விகளும் அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் வீட்டில் நின்ற காரைப் போன்ற ஒன்றை வாங்குவது தவறல்ல. ஆனால் தொலைந்து போனதைத் திரும்பப் பெறுகிறோம் என்று எண்ணி வாங்கினால் பணமும் போகும், நினைவும் கசக்கும். வீட்டிலுள்ள எல்லாருக்கும் பயன்படும் வாகனமாக, எல்லாரும் கைவைத்துக் கற்கும் பொருளாக வருமானால் அது வரட்டும். இல்லையென்றால் வேண்டாம்.

இதை நான் வெறும் வாதமாக எழுதவில்லை. எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் பேச்சே இதுதான். எங்கள் மூத்தாப்பா மொரிஸ் மைனர் ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் வந்தபோது, வளவில் நின்ற அந்தக் கார் மதிலோடு மோதிப் புரண்டது. உள்ளெல்லாம் மண்ணும் உப்புநீரும். திருத்த வழியில்லாமல் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். சில வருடங்களில் மூத்தாப்பாவும் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு பிறந்தவள் நான். அந்தக் காரை நான் கண்டதே இல்லை. வாப்பா சில மாதங்களுக்கு முன் அதே மாதிரியில், அதே இளம் பச்சை நிறத்தில் ஒன்று விற்பனைக்கு இருப்பதை விசாரித்து வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோற்றுக்கு முன்னும் பின்னும் கார்ப் பேச்சுத்தான்.

அந்தக் காரின் வரலாறு படிக்கப் படிக்கச் சுவையானது. மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்து, அகதியாக இங்கிலாந்து வந்து பொறியியல் படித்தவர். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று பட்டதால், மாதிரிக் காரை நடுவால் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகற்றிப் பார்த்து, அந்த அளவையே இஸிகோனிஸ் உறுதி செய்தார். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. ஓடு நீக்கி வேகவைத்த முட்டை போலிருக்கிறது என்று அவர் எள்ளியதாகச் சொல்வார்கள். அந்த முட்டைதான் பத்து இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதல் பிரித்தானியக் காராயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்த எண்ணிக்கை 16 இலட்சத்தைக் கடந்திருந்தது.

அவற்றில் பல நம் நாட்டுக்கும் வந்தன. ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், சிறு வியாபாரிகள் வாங்கக்கூடிய காராக அது இருந்தது. அது இவ்வளவு காலம் இங்கே நிலைத்ததற்கு அன்பு மட்டும் காரணமல்ல. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை வாகன இறக்குமதி கடும் கட்டுப்பாட்டில் இருந்தது. புதியது வாங்க வழியில்லாதபோது உள்ளதைத் திருத்தி ஓட்டினார்கள். உதிரிப்பாகம் கிடைக்காதபோது கடைச்சல் பட்டறையில் செய்வித்தார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வேயர் என்பவர், அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோகும் அளவுக்கு நம்மவர் கைகளில் அந்தத் தொழில் ஊறிப்போயிருந்தது.

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் கதை இதைவிடத் தெளிவானது. 1990களில் போர்க்காலத் தடையால் அங்கே பெற்றோல் அரிதாகியது. ஒஸ்டின், மொரிஸ் கார்களை வைத்திருந்தவர்கள் ஒரு போத்தலில் சிறிதளவு பெற்றோல் வைத்து என்ஜினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். புகையோடும் இருமலோடும் அவை நோயாளரை ஏற்றின, கலியாணத்துக்குப் போயின, பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டன. கியூபாவில் இன்றும் ஓடும் 1950களின் அமெரிக்கக் கார்களும் இப்படித்தான், தடையும் தேவையும் சேர்ந்து காப்பாற்றியவை. அழகுப் பொருளாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இவற்றில் பல என்றோ துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். தேவை இருந்தது, திருத்தத் தெரிந்த கை இருந்தது, அதனால் வாழ்ந்தன.

எங்கள் மூத்தாப்பாவின் காரும் அப்படி ஒரு தேவைக்கே ஓடியது. கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலத்தை நம் பெற்றோர் நன்கறிவர். திருகோணமலைப் பட்டினத்துக்குப் போவதென்றால் துறையடியில் காத்திருந்து பாதையில் ஏற வேண்டும். மூதூரிலிருந்து தரைவழியே வருவோர் இறால்குழி, கங்கை, உப்பாறு என்று ஒவ்வொரு துறையாகக் கடந்தார்கள். மூதூருக்கும் தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரத்துப் பக்கமிருந்து வருவோருக்கு அது ஒரு நாள் வேலை. ஊரில் கார் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். இரவில் பிள்ளைப்பேற்று வலி கண்டாலும் பாம்பு கடித்தாலும் அந்தச் சிலரின் கதவைத்தான் தட்டுவார்கள். வாப்பா சொல்லும் கதைகள் எல்லாம் இத்தகையவை. அவர் தேடுவது காரை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நடுச்சாமத்தில் யார் வந்து தட்டினாலும் எழுந்து போன தன் வாப்பாவைத்தான் அவர் தேடுகிறார்.

ஆனால் அந்த ஊர் இன்று இல்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்துவிட்டன. ஒழுங்கைக்கு ஒழுங்கை முச்சக்கர வண்டி நிற்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. நடுச்சாமத்தில் மொரிஸ் மைனரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அதே மாதிரிக் காரை வாங்கலாம். அதைத் தேவைப்பட்ட ஊரை வாங்க முடியாது.

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் மூத்தம்மா வாய் திறக்கவில்லை. ஒருநாள் நானே கேட்டேன். அவர் சொன்னது எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத கதை. அந்தக் காரின் முன் இருக்கையில் தான் இருந்தது கையால் எண்ணக்கூடிய தடவைகள்தான் என்றார். பின் இருக்கையில் பிள்ளைகளை மடியில் வைத்து, துறையடி வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருந்ததைச் சொன்னார். மாரிகாலத்தில் கார் கிளம்பாத காலைகளில் பின்னால் நின்று தள்ளியது தானும் பெரிய மாமியும்தான் என்றார். சம்பளம் வந்ததும் டயருக்கும் பற்றரிக்கும் போன காசை ஈடுகட்டத் தன் காப்பு ஒன்று அடகுக் கடைக்குப் போய் வந்ததையும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். கடைசியில், "அவர் நல்ல மனுசன். கார் நல்ல கார். ஆனா நான் அத ஒருநாளும் ஓட்டிப் பாக்கல மகள்" என்றார்.

ஒரே கார்தான். ஓட்டியவருக்கு ஒரு நினைவு, தள்ளியவருக்கு வேறு நினைவு. வாங்குவதா என்று தீர்மானிக்கும்போது ஓட்டியவரின் நினைவை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது நீதியாகுமா? நம் வீடுகளில் பெரும் செலவுகள் இப்படித்தான் முடிவாகின்றன. வீட்டின் தலைவருக்கு ஆசை வரும், பெண்கள் பேசாமல் இருப்பார்கள், பேசாமல் இருந்தது சம்மதம் என்று கொள்ளப்படும். சில காலத்தின் பின் அந்தச் செலவின் சுமை பேசாதவர்களின் தலையில் வந்து நிற்கும். பழைய கார் வாங்க நினைக்கும் எந்தப் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: கராஜ் பாஸிடம் கேட்பதற்கு முன் உங்கள் உம்மாவிடமும் மனைவியிடமும் மகளிடமும் கேளுங்கள்.

பழைய காரின் இலக்கத் தகடுகூட எல்லாருக்கும் ஒரே கதையைச் சொல்வதில்லை. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கொண்ட தகடுகள் முதலில் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடுகள் வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் பெரும் எதிர்ப்பு எழுந்ததை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். இன்று பழைய கார் விரும்பிகள் அந்தத் தகட்டைப் பெருமையோடு துடைத்து வைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனாலும் பழைய பொருளை வீட்டுக்குக் கொண்டுவருபவர் அதனோடு வரும் முழுக் கதையையும் அறிந்தே கொண்டுவர வேண்டும்.

இனி, காரை நேரில் பார்க்கப் போவோருக்குச் சில விடயங்கள். மொரிஸ் மைனருக்கு லொறிக்கு இருப்பது போலத் தனியான சட்டகம் கிடையாது. உடலே அதன் எலும்பு. ஆகவே துரு என்பது வெறும் தோற்றக் குறைபாடல்ல. கதவுக்குக் கீழுள்ள விளிம்புகள், தரைத்தகடு, ஜேக் வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பொருத்திய இடம் ஆகியவற்றைக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பளபளக்கும் பெயின்டின் கீழ் இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும், புட்டி நிரப்பியிருந்தால் வழுக்கும். நம்முடையது கடற்கரை மாவட்டம். உள்நாட்டில் நன்றாக நின்ற கார்கூட உப்புக் காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கும். கூரையுள்ள, காற்றோட்டமுள்ள இடம் வீட்டில் இல்லையென்றால் வாங்கும் எண்ணத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

முன்சக்கரங்களைத் தாங்கும் திருகு மூட்டுகளுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மறை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடக்கூடும். பிரேக்குக்கான பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே மறைந்திருக்கிறது. எளிதில் கண்ணில் படாததால் கவனிக்கப்படாமல் போகும். என்ஜின் முதலில் வந்ததா, பின்னர் மாற்றிய யப்பானிய என்ஜினா என்றும் பார்க்க வேண்டும். மாற்றியிருப்பது குற்றமல்ல. ஆனால் பதிவுச் சான்றிதழிலுள்ள என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் காரிலுள்ளவையும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். அந்தக் காலக் காரில் காற்றுப் பை இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் பழைய முறை டிரம் பிரேக். பட்டி பொருத்தப்படாமலே பல கார்கள் வெளிவந்தன. 2011 முதல் முன்னிருக்கைகளில் பட்டி அணிவது நம் நாட்டில் கட்டாயம். சட்டத்துக்காக அல்லாமல் உயிருக்காகவே முன்னும் பின்னும் பட்டி பொருத்த வேண்டும். வேகமாகச் செல்லும் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் இடையில் தினமும் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல இது ஏற்ற வாகனமல்ல. ஊருக்குள், பகல் வெளிச்சத்தில், மெதுவாக ஓட ஏற்றது. இந்த எல்லையை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர் வாங்கக்கூடாது.

பணத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது. இப்போதும் வரிச் சுமையால் புதிய கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. அதனால் பழைய கார் மலிவு, பிறகு கூடிய விலைக்கு விற்கலாம் என்று ஒரு வாதம் உலவுகிறது. வாங்கும் விலை முதல் படி மட்டுமே. டிங்கரிங், பெயின்டிங், டயர், வயரிங், காப்புறுதி, புகைப் பரிசோதனை, ஆண்டுதோறும் வரி அனுமதிப்பத்திரம் என்று பின்னால் ஒரு வரிசை காத்திருக்கிறது. 2022 இல் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல்தான் என்று அளந்து கொடுத்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டோம். எண்ணெய்ச் செலவும் பாகச் செலவும் நம் கையில் இல்லாத நாட்டில், பழைய காரை முதலீடு என்று நம்பிக் கடன் வாங்குவது பேராபத்து.

எங்கள் வீட்டில் கைவசம் உள்ள தொகையில் பெரும்பகுதி, எனக்கும் தங்கச்சிக்கும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் வேறு வழியில் படிக்கவென்று ஒதுக்கியது. அதை வாப்பாவே ஒதுக்கினார், யாரும் கேட்கவில்லை. அதில் கைவைக்கலாம், பிறகு நிரப்பிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது நான் வேண்டாம் என்றேன். பிள்ளைகளின் படிப்புக்கென்று வைத்த காசு அமானிதம் போன்றது. கார் ஓராண்டு பிந்தினால் இன்னொரு கார் வரும். படிப்பு ஓராண்டு பிந்தினால், குறிப்பாகப் பெண்பிள்ளையின் படிப்பு, பல வீடுகளில் திரும்ப வருவதே இல்லை. இதை எழுதும்போது என் வகுப்பில் இருந்து இப்போது இல்லாத தோழியர் சிலரின் முகங்கள் கண்முன் வருகின்றன.

பயன், பணம் என்றே எல்லாவற்றையும் அளப்பதா, மனதுக்குப் பிடித்த ஒன்றை மனிதர் வைத்திருக்கக்கூடாதா என்று பெரியவர்கள் கேட்கலாம். வைத்திருக்கலாம். சுனாமியில் எல்லாவற்றையும் இழந்த வீடுகள் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. இழந்ததில் ஒன்றையாவது மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் எளிதாகத் தள்ளிவிடக்கூடியதல்ல. ஆனால் நினைவைக் காக்கச் செலவு குறைந்த வழிகளும் இருக்கின்றன. அந்தக் காரில் யார் யார் ஏற்றப்பட்டார்கள், எந்த இரவில் எந்தத் துறையில் என்ன நடந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். ஊரின் பழைய துறைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் காரை மட்டும் வாங்கிப் படங்கு போட்டு மூடி வைத்தால், மூத்தாப்பாவின் பேர் அந்தப் படங்கின் கீழேயே இருந்துவிடும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் என் நிபந்தனைகள் மூன்று. முதலாவது, படிப்புக்கும் வைத்தியத்துக்கும் ஒதுக்கிய காசிலிருந்தோ கடனிலிருந்தோ ஒரு ரூபாயும் போகக்கூடாது. இரண்டாவது, விருப்பமில்லாத ஒரு பாஸ், கார் விற்பவரை அறியாத ஒருவர், அதைக் கீழிருந்து மேல்வரை பார்த்துச் சொல்ல வேண்டும். நினைவு நிரம்பிய கண்ணுக்குத் துரு தெரியாது. மூன்றாவது, அந்தக் காரின் சாவி வீட்டில் எல்லாரும் எடுக்கக்கூடிய இடத்தில் தொங்க வேண்டும்.

மூன்றாவதைச் சற்று விளக்க வேண்டும். புதிய கார்களின் மூடியைத் திறந்தால் எல்லாம் மூடிய பெட்டிகள். கணினி இல்லாமல் எதுவும் புரியாது. மொரிஸ் மைனரின் மூடியைத் திறந்தால் பற்றரி, காபரேட்டர், பிளக், விசிறிப் பட்டி எல்லாம் கண்முன்னே தெரியும். பௌதிகவியலில் நாம் மனப்பாடம் செய்யும் நெம்புகோலும் திரவ அழுத்தமும் மின்சுற்றும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும். பதினெட்டு வயது நிரம்பிய பெண்பிள்ளை சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். நம் ஊர்ப் பெண்கள் ஸ்கூட்டியில் வேலைக்கும் வகுப்புக்கும் போவது இன்று புதினமல்ல. பழைய கார் ஒன்று வீட்டுக்கு வந்து, வாப்பாவும் மகள்மாரும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கையில் கிரீஸ் படிய அதன் அருகில் நிற்பார்களானால், கொடுத்த காசுக்கு மேல் கிடைத்துவிட்டது என்பேன். மகள்மார் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான் என்றால் அது இன்னுமொரு முறை தள்ளுவதற்கான கார் மட்டுமே.

இந்த மூன்றையும் வாப்பாவிடம் சொன்னேன். படிப்புக் காசில் கைவைப்பதில்லை என்று உடனே ஒத்துக்கொண்டார். அறியாத பாஸ் ஒருவரைக் கொண்டு பார்ப்பிக்கவும் சம்மதித்தார். சாவியைப் பற்றிக் கேட்டபோது சற்று நேரம் யோசித்துவிட்டு, "முதல்ல லைசன்ஸ எடுங்க, பிறகு பாப்பம்" என்றார். மீதிக் காசு சேர இன்னும் ஒன்றரை வருடமாவது செல்லும். அதற்குள் அந்த இளம் பச்சைக் காரை வேறு யாரும் வாங்கிவிடக்கூடும். வாங்கட்டும். நான் இந்தப் பரீட்சை முடிந்ததும் சாரதிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க இருக்கிறேன். மூத்தம்மாவும் என்னோடு வந்து பார்த்துக்கொண்டிருக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.